சீசன் இல்லாத மாதங்கள்

ஊட்டியில் வாடகைக் கார் ஓட்டுபவரையோ வர்க்கி விற்பவரையோ கேட்டால், வருஷத்துக்கு இரண்டு சீசன் என்பார்கள். ஏப்ரல், மே முதல் சீசன். செப்டம்பர், அக்டோபர் இரண்டாவது சீசன். அறை வாடகை, மலர்க் கண்காட்சிக்கு வளர்க்கும் பூந்தொட்டிகள், கடைக்காரர்கள் வாங்கும் கடன் எல்லாம் இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன.

மலையின் கணக்கு வேறு. மாசி பிறந்தால் மேல்மலைப் புல்வெளி பழுப்பேறிவிடும். பங்குனி, சித்திரையில் ஓடைகள் மெலியும். நடுவில் கோடை மழை ஓரிரு முறை கைகொடுத்தாலும், அணைகள் நிரம்ப ஜூன் தாண்டியாக வேண்டும். தண்ணீர் மிகவும் குறைந்திருக்கும் அந்த வாரங்களில்தான் வருஷத்திலேயே பெரிய கூட்டம் மலையேறுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 7.35 லட்சம். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அளிக்கப்பட்ட விவரப்படி, சீசன் நாட்களில் அந்த மாவட்டத்துக்குள் நுழையும் வாகனங்கள் நாளொன்றுக்குச் சுமார் 20,000. வருகிறவர்கள் குளிக்க வேண்டும், அறைப் படுக்கை விரிப்புகளைத் துவைக்க வேண்டும், ஆயிரக்கணக்கான கழிவறைகளில் தண்ணீர் விழ வேண்டும். ஊட்டி நகரம் பெரிதும் நம்பியிருப்பது பார்சன்ஸ் வேலி அணையை. குன்னூருக்கு ரேலியா அணை. சீசனுக்காக அவை கூடுதலாகச் சுரப்பதில்லை.

பருவத்துக்கு இசைந்த வாழ்க்கை என்று பேசத் தொடங்கினால் பேச்சு துணிப்பையிலும் மூங்கில் பல் துலக்கியிலும் போய் நின்றுவிடுகிறது. நீலகிரியில் அந்தப் பேச்சு தண்ணீரில் தொடங்க வேண்டும். மலை எந்த மாதம் கொடுக்கிறது, எந்த மாதம் சேமிக்கிறது என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம்.

உறைபனியிலிருந்து பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுத்ததும், மார்கழியிலும் தையிலும் பகலில் சுள்ளென்று வெயில் அடிக்கும். இரவில் மேகப் போர்வை இல்லாததால் தரையின் சூடு தங்காமல் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளங்களில் தேங்கும். மேட்டில் இருப்பவர் எதுவும் தெரியாமல் எழுந்திருக்க, தலைகுந்தாவிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் புல் முழுக்க வெள்ளையாகக் கிடக்கும். வெளியே நிறுத்திய கார்களின் கூரையில் பனியை விரலால் சுரண்டி எடுக்கலாம். தாவரவியல் பூங்காவில் மலர் நாற்றுகள் கருகாமலிருக்க, ‘கோத்தகிரி மிலார்’ எனும் செடியின் கிளைகளை வெட்டிவந்து பரப்பி மூடுகிறார்கள். புல்தரைக்கு ஸ்பிரிங்ளரில் தண்ணீர் தெளிக்கிறார்கள். பள்ளமான இடங்களில் தேயிலை சில நாட்களிலேயே கருகிவிடும். தப்பிய தோட்டங்களில் கொழுந்து மெதுவாகத் துளிர்க்கும். அந்தக் குளிர்காலத் தூளின் மணத்துக்கென்றே தனி மதிப்பு உண்டு.

இந்த மலையின் தோற்றத்தில் அந்தப் பனிக்குப் பெரும் பங்கு உண்டு என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. மலை மடிப்புகளில் அடர்ந்த சோலை, மற்ற சரிவெல்லாம் புல். சோலையின் கிளை நிழலுக்கு வெளியே வந்து முளைக்கும் நாற்றைப் பனி கொன்றுவிடுகிறது. புல் பழுத்துக் காய்ந்தாலும் வேர் பிழைத்து, மழை கண்டதும் தழைக்கிறது. ஆடி, ஆவணியில் வாங்கிய மழையைச் சோலையும் புல்லும் மண்ணுக்குள் இறக்கி வைத்து, மாசி வரை கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுகின்றன. சமவெளியில் பவானி பாயும் வயல்களுக்கும் இந்தச் சேமிப்பில் பங்குண்டு.

அந்தப் புல்லை வெற்று நிலம் என்று எண்ணிய காலம் ஒன்று இருந்தது. 1840-களில் விறகுக்காக ஆஸ்திரேலிய மரங்களைக் கொண்டுவந்தார்கள்: ஊர்க்காரர்கள் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸ், சீகை மரம் என்று சொல்லும் வாட்டில். விடுதலைக்குப் பிறகு வனத்துறையே தோல் பதனிடும் டானினுக்காகவும் செயற்கை இழை ஆலைகளின் மரக்கூழுக்காகவும் புல்வெளிகளில் இவற்றைப் பெரிய அளவில் நட்டது. நட்டதற்கு விலை என்ன என்பதை ஊட்டியிலுள்ள மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி மையம் கிளன்மார்கனில் அளந்து பார்த்திருக்கிறது. அடுத்தடுத்துள்ள இரண்டு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றில் புல்லை விட்டுவைத்தார்கள். மற்றொன்றில் பாதிக்கு மேற்பட்ட பரப்பில் கற்பூர மரம் வைத்தார்கள். முதல் 10 ஆண்டுச் சுழற்சியில், மரம் வைத்த பக்கத்து ஓடைக்கு வரும் நீர் 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்த இரண்டாம் சுற்றில் இழப்பு இன்னும் கூடியது. மரம் நடுவதெல்லாம் புண்ணியம் என்று வளர்ந்தவர்களுக்கு இதை ஏற்க மனம் வராது. ஆனாலும் நீலகிரியின் மேல்மலையில் புல்லைக் காப்பதுதான் தண்ணீரைக் காப்பது. அந்நிய ஊடுருவல் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்க 2022-ல் தமிழ்நாடு அரசு கொள்கையே வகுத்தது. சீகையை வெட்டிச் சாய்ப்பது அந்த வேலையின் தொடக்கம்தான். மண்ணில் புதைந்த விதை பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். முளைப்பதை வருஷாவருஷம் பிடுங்க ஆள் வேண்டும்.

புல்லின் அருமையைத் தோடர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வளைந்த கூரை கொண்ட அவர்களின் கோயில்களுக்குக் கூரை வேய்வது சதுப்பில் மட்டும் வளரும் ஒருவகைப் புல்லால். சதுப்பு வற்றினால் கோயிலுக்குக் கூரை இல்லை. முன்பெல்லாம் வறண்ட மாதங்களில் எருமைகளை ஓட்டிக்கொண்டு ஈரம் மிச்சமுள்ள மேற்கு மேய்ச்சல் நிலங்களுக்குப் போய்விடுவார்கள். மழை வந்ததும் தங்கள் குடியிருப்பான மந்துக்குத் திரும்புவார்கள். எருமைகளுக்கு உப்புநீர் கொடுப்பதுகூடப் பருவம் பார்த்து நடக்கும் சடங்கு. கிழக்குச் சரிவுகளில் குறும்பர்கள் மலைத்தேன் எடுப்பது கோடையில், மழை பாறையை வழுக்கலாக்குவதற்கு முன்பு. படகர்கள் உருளைக்கிழங்குக்கும் தேயிலைக்கும் மாறுவதற்கு முன் விளைவித்தது மழையை நம்பிய சாமையும் ராகியும்.

இன்று கேத்தி பள்ளத்தாக்கில் கேரட் நாள் பார்ப்பதில்லை. காலையில் மேட்டுப்பாளையம் மண்டியில் சரக்கு நிற்க வேண்டுமென்பதால் நள்ளிரவிலேயே பிக்கப் வண்டிகளில் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு, ஈர மண்ணிலிருந்து கொத்தாகப் பிடுங்கித் தழையை ஒடித்து மூட்டை பிடிக்கிறார்கள். மூட்டைகள் நேரே கழுவும் இயந்திரத்துக்குப் போகும். உருளும் கம்பிக் கூண்டுக்குள் தண்ணீர் பீய்ச்சியடித்தால்தான் சந்தைக்குரிய ஆரஞ்சு நிறம் வரும். அந்தத் தண்ணீரும் ஓடையிலிருந்து வருவதுதான். சித்திரையில் விடுதியும் தோட்டமும் ஒரே ஓடையில் மோட்டார் வைக்கும்போது, யாருக்கு முதலில் என்ற சண்டையைக் குடியானவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை.

மழைக்காலமும் மலை முழுவதற்கும் ஒன்றல்ல. தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்கு மழைதான் முக்கியம். 2009 நவம்பரில் அந்தப் பக்கத்து மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சரிவை வெட்டி வீடு கட்டும்போதும், ஓடையைக் குழாய்க்குள் அடைத்து மேலே சாலை போடும்போதும் இந்த இரண்டு தேதிகளும் நினைவில் இருக்க வேண்டும்.

குப்பை விஷயத்தில் நீலகிரி மாநிலத்துக்கு முன்னோடி. சுப்ரியா சாஹு ஆட்சியராக இருந்தபோது, 2001 வாக்கில் இங்கே பிளாஸ்டிக் பைகளுக்கு எதிரான இயக்கம் தொடங்கியது. மாநிலம் முழுவதற்கும் தடை வந்தது 2019 ஜனவரி 1-ல்தான். அதே ஆண்டில் தண்ணீர் பாட்டில்களும் மாவட்டத்துக்குள் தடை செய்யப்பட்டு, குடிநீர் ஏடிஎம்கள் வந்தன. 2022 மே மாதம் முதல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தையும் திருப்பிக் கொடுக்கிறார்கள். உடைந்த கண்ணாடி யானையின் காலைக் கிழிக்கிறது என்பதால் உயர் நீதிமன்றம் எடுத்த நடவடிக்கையின் பலன் இது. பாட்டில்களில் பெரும்பங்கு திரும்பி வருகிறது. மக்களிடம் கெஞ்சுவதைவிட 10 ரூபாய் நன்றாக வேலை செய்கிறது என்பது இங்கே நிரூபணமான பாடம்.

கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் முயற்சியும் நீதிமன்றம் வழியாகத்தான் வந்தது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். 2025 ஏப்ரல் முதல் கோடை மாதங்களுக்கு உச்சவரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. வியாபாரிகள் போராடினார்கள், ஒரு சீசன் வருமானத்தில் வருஷம் ஓட்டும் குடும்பங்களின் பயம் புரிந்துகொள்ளக் கூடியதே. அந்த வருமானத்தை இரண்டு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குப் பரப்பினால் அவர்களுக்கும் நல்லது, ஓடைக்கும் நல்லது. தை மாதத்தின் வார நாட்களில் ஊட்டிக்குப் போகிறவருக்குப் பளிச்சென்ற வானமும் வெண்பனிக் காலையும் மணமான தேநீரும் கிடைக்கும். பருவமழைகள் முடிந்து அணைகளில் இருப்பும் நன்றாக இருக்கும். ஸ்வெட்டர் கொஞ்சம் தடிமனாக வேண்டும், அவ்வளவுதான். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குக் கோடையை விட்டால் வழியில்லை. மற்றவர்கள் அவர்களுக்கு இடம் விடலாம்.

மலைகள் எத்தனை வாகனங்களைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பை நீதிமன்றம் சென்னை ஐஐடியிடமும் பெங்களூரு ஐஐஎம்மிடமும் ஒப்படைத்தது. அந்தக் கணக்கு சாலையின் அகலத்தையும் நிறுத்துமிடங்களையும் எண்ணுவதோடு முடிந்துவிடக் கூடாது. பார்சன்ஸ் வேலியிலும் ரேலியாவிலும் மார்ச் கடைசியில் இருக்கும் நீர்மட்டத்தைப் பார்த்து, உள்ளூர் மக்களுக்கும் தோட்டங்களுக்கும் வேண்டியதை ஒதுக்கிய பிறகு, மிச்சத்துக்கு ஏற்ப அந்த ஆண்டின் இ-பாஸ் எண்ணிக்கையை அறிவிக்க வேண்டும். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் எண்ணிக்கை கூடட்டும். பொய்த்த ஆண்டில் குறையட்டும்.