பெயர் தெரிந்த நோய்

‘கத்தி வைத்தால் பரவிவிடும்.’ பாரிஸின் லா சப்பல் பகுதியில், ரூ லூயி-பிளாங் வீதியில் மரக்கறி வாங்க நிற்கும்போது புற்றுநோய்ப் பேச்சு எழுந்தால் இந்த வசனமும் கூடவே வந்துவிடும். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் இதே வசனம்தான். கட்டியில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும், ‘யோசிச்சுச் சொல்லுறம்’ என்று எழுந்து வருபவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். யோசிப்பதிலேயே மாதங்கள் போய்விடுகின்றன.

இந்தப் பயம் எப்படி வந்தது என்பது விளங்காததல்ல. நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்குப் போகிறோம். சோதனை செய்த சில வாரங்களில் நிலைமை மோசமாகிறது. முந்தியதைப் பிந்தியதற்குக் காரணமாக்கிவிடுகிறோம். சில உறுப்புகளில் ஊசி எந்த வழியாக நுழைய வேண்டும் என்பதில் மருத்துவர்கள் மிகுந்த கவனம் எடுப்பதும், விதையில் புற்று என்று சந்தேகித்தால் ஊசி குத்தாமல் உறுப்பையே அகற்றிச் சோதிப்பதும் உண்மைதான். ஆனால் மார்புக் கட்டியில் ஊசி குத்தியதால்தான் புற்று உடலெங்கும் பரவியது என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. அந்தத் துண்டைப் படிக்காமல் தொடங்கும் சிகிச்சையே ஆபத்தானது. செல்லைச் சரியாகப் படித்தால் சிகிச்சையின் கொடுமை குறையும் என்பதற்கு இதே வீதியின் அருகிலேயே சான்று இருக்கிறது.

ரூ லூயி-பிளாங் வழியே நடந்து, சென்-மார்த்தன் கால்வாயைக் கடந்து, கொலோனல் ஃபபியன் சதுக்கத்தைத் தாண்டினால் சென்-லூயி மருத்துவமனை வரும். கொள்ளைநோய் பாரிஸை உலுக்கியபின், 1607இல் நான்காம் ஹென்றி மன்னரின் ஆணையால் உருவானது. நோயாளிகளை நகரத்திலிருந்து விலக்கி, மதிலுக்குள் வைப்பதே அன்றைய நோக்கம். நோய் இன்னதென்று தெரியாத காலத்தில் அதற்கு மேல் செய்ய வழியில்லை.

அதே மருத்துவமனை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரத்தப் புற்று ஆய்வின் தலைவாசல்களில் ஒன்றானது. அக்யூட் புரோமைலோசைட்டிக் லூக்கேமியா என்ற நோயை எடுத்துக்கொள்வோம். நார்வே மருத்துவர் லீஃப் ஹில்லெஸ்தாத் 1957இல் அதைத் தனி நோயாக அடையாளம் காட்டியபோது, நோயாளிக்கு மிஞ்சியிருந்தது சில வாரங்களே. இரத்தம் உறையாமல் கசிந்தே உயிர் போகும். 1977இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி, இந்நோயாளிகளின் செல்களில் 15ஆம் 17ஆம் குரோமோசோம்கள் தம் துண்டுகளை மாற்றிக்கொண்டிருப்பதைக் கண்டார்.

1985இல் ஷாங்காயில் வாங் சென்-யி என்ற மருத்துவர், இதே நோயால் சாகும் நிலையிலிருந்த ஐந்து வயதுச் சிறுமிக்கு வைட்டமின் ‘ஏ’யிலிருந்து பெறப்படும் ரெட்டினாயிக் அமிலத்தைக் கொடுத்தார். குழந்தை பிழைத்தது. 1988இல் அவரது குழு 24 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டது. அத்தனை பேரிடமும் நோய் அடங்கியிருந்தது. இந்த மருந்து புற்றுச் செல்லைக் கொல்வதில்லை; வளராமல் நின்றுபோன செல்லை வளரச் செய்கிறது. வளர்ந்த செல் தன் ஆயுள் முடிந்து தானே மடிகிறது.

ஏன் இந்த நோயில் மட்டும் அது வேலை செய்தது? விடை பாரிஸில் கிடைத்தது. வாங் குழுவுடன் தொடர்பிலிருந்த லோரன் தெகோ சென்-லூயியைச் சேர்ந்தவர். அவரும் ஊக் து தே, ஆன் தெஜான் ஆகியோரும் இடம்பெற்ற குழு, அந்தக் குரோமோசோம் உடையும் இடத்தை 1990இல் படித்துக் காட்டியது. உடைந்து வேறொன்றோடு ஒட்டிக்கொண்ட மரபணு, ரெட்டினாயிக் அமிலத்தை ஏற்கும் புரதத்துக்கு உரியது. பூட்டு எது என்று தெரியாமலே ஷாங்காயில் சாவி கிடைத்திருந்தது. பூட்டைப் பாரிஸ் கண்டுபிடித்தது. அதன்பின் நோயாளியின் செல்லில் அந்த இணைப்பு மரபணு இருக்கிறதா என்று பார்த்தே மருந்தைத் தீர்மானிக்க முடிந்தது.

கதையின் அடுத்த பகுதி வேலூரில். சீனாவின் ஹார்பினில் தொடங்கிய ஆர்செனிக் ட்ரையாக்சைடு சிகிச்சையை, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் விக்ரம் மேத்யூஸ் குழுவினர் 1998 முதல் புதிய நோயாளிகளுக்குத் தனி மருந்தாகவே கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சையின் செலவைத் தாங்க முடியாத குடும்பங்களே அங்கு அதிகம். 2006இல் வெளியான அவர்களது அறிக்கையில், 72 நோயாளிகளில் சுமார் 86 சதவீதத்தினருக்கு நோய் அடங்கியிருந்தது. சித்த மருத்துவம் பாஷாணம் என்று அறிந்த நஞ்சு, அளவறிந்து, இதயத்தையும் இரத்தத்தையும் கண்காணித்துக் கொடுக்கப்பட்டபோது மருந்தானது. கைமருந்தாக எவரும் தொடக்கூடாதது அது. 2013இல் இத்தாலியின் பிரான்செஸ்கோ லோ-கொக்கோ குழு, வெள்ளணு எண்ணிக்கை மிகாத நோயாளிகளுக்கு ரெட்டினாயிக் அமிலம், ஆர்செனிக் ஆகிய இவ்விரு மருந்துகளுமே போதும், கீமோ தேவையில்லை என்று நிறுவியது. கீமோ பெற்றவர்களைவிட அவர்கள் நன்றாகவே இருந்தார்கள்.

செல்லைப் படிக்கும் மருத்துவம் பணக்காரர்களுக்கானது என்ற எண்ணத்தை வேலூர் உடைக்கிறது. எலும்பு மச்சையில் எடுத்த சில துளிகளில் ஒரு மரபணு இணைப்பு உறுதியானதால்தான், மலிவான மருந்தை நம்பிக் கொடுக்க முடிந்தது. பெயர் தெரியாத லூக்கேமியாவுக்கு ஆர்செனிக் கொடுத்திருந்தால் அது வெறும் நஞ்சு.

எல்லாப் படிப்பும் இப்படிப் பலன் தருமா? தராது. இதையும் பாரிஸே சொன்னது. கியூரி நிறுவனம் நடத்திய ‘ஷிவா’ ஆய்வில், பல வகைப் புற்றுகளின் மரபணு மாற்றங்களைப் பார்த்து, வேறு உறுப்புக்கென அங்கீகரிக்கப்பட்ட மருந்துகளைக் கொடுத்தார்கள். 195 நோயாளிகளிடம் நடந்த ஒப்பீட்டின் முடிவு 2015இல் வந்தது: வழக்கமான சிகிச்சையைவிட நன்மை இல்லை. அதே நிறுவனத்தினர் முன்னின்ற இன்னொரு ஆய்வில், பரவிய மார்புப் புற்று உள்ளவர்களின் இரத்தத்தில் மிதக்கும் புற்றுச் செல்களை எண்ணினார்கள். 7.5 மில்லிலிட்டரில் ஐந்துக்குக் குறைந்தால் ஹார்மோன் சிகிச்சை, ஐந்தும் அதற்கு மேலும் என்றால் கீமோ. மருத்துவரின் அனுபவ முடிவுக்கு அந்த எண்ணிக்கை சளைக்கவில்லை. ஆனால் அதற்குள் புதிய மாத்திரைகள் வந்து சிகிச்சை முறையே மாறிவிட்டது. ஆகவே விலை உயர்ந்த பெரிய மரபணுப் பட்டியலைக் காட்டி ஆசையூட்டும் ஆய்வகத்திடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதன் முடிவு என் சிகிச்சையை மாற்றுமா? மாற்றாது என்றால் பணத்தை வைத்துக்கொள்ளலாம்.

மாற்றும் என்று உறுதியான சோதனைகளோ எவருக்கும் மறுக்கப்படக் கூடாதவை. ரூ லூயி-பிளாங் வீதிக்குப் பெயர் தந்த லூயி பிளாங், இயன்றவர் இயன்றதைக் கொடுக்க, தேவைப்பட்டவர் தேவைக்கேற்பப் பெற வேண்டும் என்று வாதிட்ட 19ஆம் நூற்றாண்டுச் சோசலிசவாதி. பிரான்ஸ் 2006 முதல் பிராந்தியங்கள்தோறும் 28 மூலக்கூறு மரபியல் மையங்களை மருத்துவமனைகளோடு இணைத்து அமைத்ததில் அந்த எண்ணத்தின் சாயல் உண்டு. எந்த மருத்துவமனையில் படுத்திருந்தாலும் நோயாளியின் கட்டித் துண்டு அங்கே போகும். கட்டணம் அவரிடம் வராது. இதில் தாராளம் மட்டுமல்ல, கணக்கும் இருக்கிறது. குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ளவருக்கே பயன்படும் விலையுயர்ந்த மாத்திரையை நுரையீரல் புற்று வந்த எல்லோருக்கும் கொடுப்பதைவிட, முன்கூட்டிச் சோதிப்பதே அரசுக்கு மலிவு. புதிய சோதனைகளுக்கான நிதி போதவில்லை என்ற முணுமுணுப்பு இங்கும் உண்டு. ஆனாலும் கொள்கை தெளிவு: மருந்துக்கு முன் படிப்பு, படிப்புக்குப் பொதுப்பணம்.

தமிழ்நாட்டுக்கும் ஈழத்துக்கும் இதில் பாடம் உண்டு. மார்புப் புற்றுக்கு ஹார்மோன் ஏற்பி, ஹெர்-2 சோதனைகள், நுரையீரலுக்கு இ.ஜி.எஃப்.ஆர்., இரத்தப் புற்றுக்குக் குரோமோசோம் இணைப்புகள் என்று சிகிச்சையை மாற்றும் பட்டியல் நீளமானதல்ல. அரசு மருத்துவக் காப்பீடுகள் அறுவைக்கும் கீமோவுக்கும் முன்பாகவே இவற்றுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். புலம்பெயர்ந்த நமக்கும் ஒரு சொல். ஊரில் ஒருவருக்குப் புற்று என்றால் லா சப்பலில் உண்டியல் சுற்றுகிறது. பெரும்பாலும் கடைசிக் கட்டச் சிகிச்சைக்காக. தெல்லிப்பளையில் புற்றுநோய் மருத்துவமனை எழும்வரை வடக்கின் நோயாளிகள் கொழும்புக்கு அருகிலுள்ள மஹரகமவுக்கு அலைந்தார்கள். 2011இல் தெவுந்தரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து திரட்டிய பணமே அதன் கட்டடத்துக்கு உதவியது. அடுத்த உண்டியல் ஒரு சோதனைக்கூடத்துக்காகச் சுற்றட்டும்.

பிரெஞ்சு மருத்துவர்கள் ‘அனாபாத்’ என்று சுருக்கிச் சொல்வது, கட்டித் துண்டைப் படித்தெழுதும் அறிக்கையை. பல வீடுகளில் அந்தத் தாளைப் பள்ளிப் பிள்ளையே பெற்றோருக்கு மொழிபெயர்க்கிறது. கடினமான வரிகளைப் பயத்தில் விட்டுவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மருத்துவமனையிடம் கேட்பதில் வெட்கம் வேண்டாம். மரக்கறிக் கடையில் அடுத்தமுறை ‘கத்தி வைத்தால்...’ என்று யாராவது தொடங்கினால், அவரிடம் திருப்பிக் கேட்போம்: ‘அனாபாத்தில என்ன எழுதியிருக்கு?’