பாதியில் கல்லூரி மாறினால் பணமும் கூட வருமா?

அமெரிக்கப் படிப்பு என்றாலே நம்மவர்களுக்கு ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும்தான் ஞாபகம் வரும். ஆனால் கலிபோர்னியாவில் கையில் காசு குறைவான வீட்டுப் பிள்ளைகள் பலர் முதலில் போவது பக்கத்து ஊர் கம்யூனிட்டி காலேஜுக்குத்தான். மாநிலம் முழுக்க இப்படி 116 கல்லூரிகள். கட்டணம் யூனிட்டுக்கு 46 டாலர். இரண்டு வருடம் படித்து 60 யூனிட் சேர்த்துக்கொண்டு, அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாறி, மீதி இரண்டு வருடத்தில் பட்டம் வாங்கிவிடலாம். 1960ல் மாநிலம் போட்ட மாஸ்டர் பிளான் சொல்லும் வழி இது. நல்ல வழிதான்.

இந்தப் பிள்ளைகளுக்கு மாநில அரசு தரும் உதவியின் பெயர் கால் கிராண்ட். (பெயரைப் பார்த்து கால்வாசி உதவி என்று நினைக்க வேண்டாம், கலிபோர்னியாவின் சுருக்கம்தான் அது!) கல்லூரி மாறுகிறவர்களுக்கான உதவிக்கு முன்பு 28 வயது வரம்பு இருந்தது. 2021ல் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு அந்த வரம்பை எடுத்தார்கள். அங்கே வாங்கிய உதவியை அரசுப் பல்கலைக்கழகத்துக்குக் கூடவே எடுத்துப் போகலாம் என்றும் ஆக்கினார்கள். பாராட்ட வேண்டிய விஷயம்.

சிக்கல் எங்கே என்றால், மொத்த உதவியே நான்கு வருடத்துக்குத்தான். இதில் ஏ, பி என்று இரண்டு வகை முக்கியம். ஏ கிடைத்தவர், கம்யூனிட்டி காலேஜில் இருக்கும்போது இரண்டு வருடம் வரை அதைச் செலவழிக்காமல் எடுத்து வைத்துக்கொள்ளலாம். பி என்பது இன்னும் ஏழைகளுக்கானது. அதை வாங்கினால் அன்றைக்கே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும்.

ஒரு சின்ன கணக்கு. கம்யூனிட்டி காலேஜில் ஏழை மாணவர்களுக்குக் கட்டணம் தனியாகத் தள்ளுபடி ஆகிவிடும். அங்கே பி தருவது கைச்செலவுக்கு வருடத்துக்கு 1,648 டாலர் வரை. முழுநேரம் படித்தால் மாநிலம் வேறொரு தொகையும் சேர்க்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டியில் 2024-25ல் கட்டணம் மட்டுமே 6,084 டாலர். வேண்டிய வகுப்பில் இடம் கிடைக்காமல் ஒரு மாணவி கம்யூனிட்டி காலேஜிலேயே மூன்று வருடம் இருந்துவிட்டாள் என்று வையுங்கள். பல்கலைக்கழகத்தில் அவளுக்கு மிச்சம் ஒரே வருடம். கட்டணம் எகிறும் கடைசி வருடத்தில் கால் கிராண்ட் கிடையாது. மலிவான இடத்தில் விலை உயர்ந்த கூப்பனைக் கிழித்த கதை!

"சோம்பேறித்தனத்துக்கு வரிப்பணமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வருடங்கள் வீணாவது எப்போதும் மாணவர் தப்பில்லை. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறியவர்கள் சராசரியாக 43 சதவீத கிரெடிட்களை இழந்ததாக அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகமே 2017ல் மதிப்பிட்டது. அது நாடு முழுமைக்குமான கணக்கு. கலிபோர்னியாவும் இதை உணர்ந்துதான் 2021ல் சட்டம் போட்டு, 2025 முதல் இரண்டு பல்கலைக்கழக அமைப்புகளுக்கும் ஒரே பொதுப் பாடத்திட்டம் கொண்டுவந்தது. பாதையில் பள்ளம் இருந்ததை ஒத்துக்கொண்ட அரசு, பள்ளத்தில் விழுந்தவரின் நேரத்தை மட்டும் கழித்துக்கொள்வது என்ன நியாயம்?

மத்திய அரசின் பெல் கிராண்ட் 12 செமஸ்டர், அதாவது ஆறு வருடம் வரை கிடைக்கும். அது இருக்கிறதே என்று சொல்லலாம். ஆனால் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போக வேண்டிய பணம் கட்டணத்துக்குப் போய்விட்டால், பட்டத்துக்கு ஒரு வருடம் இருக்கும்போது படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போவதுதான் மிஞ்சும். அதுவரை அரசு போட்ட முதலும் அம்போ!

வரம்பே வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. ஏ-க்குக் கொடுத்த சலுகையை பி-க்கும் கொடுக்கலாம். இல்லையென்றால் கல்லூரி மாறுகிறவர்களுக்கு மட்டும் பெல் போல ஆறு வருடமாக நீட்டலாம். ஏறச் சொல்லி ஏணி வைத்தவர்கள், கடைசிப் படியில் ஆள் நிற்கும்போது அதை உருவக் கூடாது இல்லையா?