கார்ட்டூம்: தூதரகங்கள் கிளம்பிய பிறகு, சாவுகளை எண்ணியது யார்?

சூடான் போர்ச் செய்திகளைப் படிக்கிறவரா நீங்கள்? ஒன்றில் 20 ஆயிரம் பேர் பலி என்று இருக்கும். இன்னொன்றில், அமெரிக்கச் சிறப்புத் தூதர் 2024-இல் சொன்ன 1.5 லட்சம் வரை இருக்கலாம் என்ற கணக்கு. ஏன் இவ்வளவு வித்தியாசம்?

என்ன நடந்தது?

2023 ஏப்ரல் 15 அன்று, ஜெனரல் புர்ஹானின் ராணுவமும் ஹெமெட்டியின் ஆர்எஸ்எஃப் துணை ராணுவமும் தலைநகர் கார்ட்டூமுக்குள்ளேயே மோத ஆரம்பித்தன. ஒரே வாரத்தில் அமெரிக்கா தன் ஊழியர்களை ஹெலிகாப்டரில் ஏற்றிக்கொண்டு தூதரகத்தை மூடியது. இந்தியா 'ஆபரேஷன் காவேரி' மூலம் 3,862 பேரை மீட்டது. அவரவர் மக்களை அவரவர் கூட்டிப்போனது சரிதான். ஊர்க்காரர்கள்? விசாவுக்குக் கொடுத்த பாஸ்போர்ட் பூட்டிய தூதரகத்துக்குள் மாட்டிக்கொண்டதால், தப்பிக்க முடியாமல் தவித்தவர்களும் உண்டு.

தூதரகம் போனால் வேறென்ன போகும்?

எந்தப் பகுதியில் குண்டு விழுகிறது, எந்த மருத்துவமனை மூடிவிட்டது, ரொட்டி கிடைக்கிறதா என்று தன் அரசுக்கு எழுதுவதும் தூதரகத்தின் வேலைதான். நிவாரணமும் பேச்சுவார்த்தையும் அந்தத் தகவலை நம்பி நடப்பவை. 2023 மே 11-இல் ஜெட்டாவில், பொதுமக்களைப் பாதுகாப்போம் என்று இரு தரப்பும் கையெழுத்துப் போட்டன. யார் மீறினார்கள் என்று ஊருக்குள் நின்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. அதே டிசம்பரில், சூடான் அரசு கேட்டுக்கொண்டபடி, ஐ.நா.வின் அரசியல் தூதுக்குழுவும் முடித்துவைக்கப்பட்டது.

அப்புறம் யார் எண்ணியது?

லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் ஆய்வாளர்கள் மூன்று பட்டியல்களை எடுத்தார்கள்: இரண்டு சர்வேக்கள், சமூக வலைதள இரங்கல் பதிவுகள். லாஜிக் எளிது. ஒரே பெயர் பல பட்டியல்களில் திரும்பத் திரும்ப வந்தால், பெரும்பாலானோரை எண்ணிவிட்டோம் என்று அர்த்தம். அபூர்வமாகத்தான் வந்தால், வெளியே இன்னும் நிறையப் பேர் விடுபட்டிருக்கிறார்கள்.

2024 ஜூன் வரை கார்ட்டூம் மாநிலத்தில் மட்டும் 61,000-க்கும் மேற்பட்ட சாவுகள் என்பது அவர்கள் மதிப்பீடு. அதில் சுமார் 26,000 வன்முறையால். இதே காலத்தில் நாடு முழுவதற்கும் ஆக்லெட் அமைப்பு பதிவுசெய்த வன்முறைச் சாவுகளே 20,178தான். கார்ட்டூம் சாவுகளில் 90 சதவீதத்துக்கும் மேல் எந்தப் பதிவிலும் ஏறவில்லை.

2025 மார்ச்சில் ராணுவம் கார்ட்டூமைத் திரும்பப் பிடித்தது. விடுபட்ட பெயர்கள் அதனால் மட்டும் பட்டியலில் ஏறிவிடாது. எனவே அடுத்த முறை ஒரு பலி எண்ணிக்கையைப் பகிரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த ஊருக்கு? எந்தத் தேதி வரை? பசியாலும் நோயாலும் செத்தவர்களையும் சேர்த்தா?