மாசக் கடைசியில் மாத்திரையும் பாதி! மருந்துச் சீட்டு கணக்கு எங்கே உதைக்குது?

சென்னை: மாதத்தின் கடைசி வாரத்தில் வடசென்னையில் ஏதாவது ஒரு மெடிக்கல் ஷாப் வாசலில் பத்து நிமிஷம் நின்றால் போதும். "அண்ணே, முழு அட்டை வேணாம்... அஞ்சு மாத்திரை மட்டும் வெட்டிக் குடுங்க" என்ற குரல் காதில் விழாமல் இருக்காது. கடைக்காரரும் ஏன், எதற்கு என்று கேட்பதில்லை. கத்தரியை எடுத்து 'நறுக்'கென்று வெட்டிக் கொடுத்து விடுகிறார். சம்பளம் வந்த புதுசில் முழு அட்டை, இருபது தேதிக்கு மேல் அஞ்சு அஞ்சாக. அதுவும் முடியாதவர்கள் காலை மாத்திரையைப் போட்டுவிட்டு ராத்திரி மாத்திரைக்கு 'லீவு' விட்டு விடுகிறார்கள்.

காய்ச்சல், தலைவலி என்றால் நாலு நாள் செலவோடு போச்சு. பிரஷரும் சுகரும் அப்படி இல்லை. வீட்டு வாடகை மாதிரி மாசா மாசம் வாசலில் வந்து நிற்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆதரவில் நடந்து 2023ல் வெளியான ஆய்வுப்படி, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் மட்டும் 10 கோடிக்கு மேல். சுகர் வந்த வீட்டுக்குள் பின்னாலேயே பிரஷரும் கொழுப்பும் நுழைவது வழக்கம். ஒரு ஆளுக்கு தினம் நாலு, அஞ்சு மாத்திரை ஆகிவிடுகிறது. புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் சாப்பிட்டால் மாசம் ரூ.2 ஆயிரம், 3 ஆயிரம் என்று எடுத்து வைக்கிற வீடுகள் எத்தனையோ!

மருந்து விலையா, பெயர் விலையா?

எம்பாகிளிப்ளோசின் என்று ஒரு சுகர் மாத்திரை. இதயத்துக்கும் கிட்னிக்கும் நல்லது என்று டாக்டர்கள் நிறைய எழுதுகிறார்கள். காப்புரிமை ஒரே ஒரு வெளிநாட்டு கம்பெனியிடம் இருந்தவரை ஒரு மாத்திரை 60 ரூபாயை ஒட்டி விற்றது. 30 நாளைக்கு ரூ.1,800. அந்தக் காப்புரிமை 2025 மார்ச் மாதம் முடிந்தது. அவ்வளவுதான்... நம்மூர் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு இறங்கின. சில கம்பெனிகள் 6 ரூபாய்க்கும் குறைவாகவே ஒரு மாத்திரையைக் கொடுத்தன. அதே மருந்து, அதே அளவு. மாசத்துக்கு 180 ரூபாய்தான்!

ஆனால் பழைய சீட்டையே நீட்டிக்கொண்டு பழைய விலைக்கு வாங்குகிறவர்களும் உண்டு. ஏன் என்றால், இங்கே காசு கொடுப்பவர் நோயாளி, எந்த கம்பெனி என்று முடிவு செய்பவர் வேறு ஆள். மளிகைக் கடையில் துவரம்பருப்பு விலை அதிகம் என்றால் அடுத்த ரகம் கேட்கலாம். மெடிக்கல் ஷாப்பில் அது நடக்காது. 'எச்' பட்டியலில் இருக்கும் மருந்துகளுக்கு, சீட்டில் எழுதிய கம்பெனி மாத்திரைக்குப் பதிலாக வேறு கம்பெனி மாத்திரையை, உள்ளே இருப்பது அதே மருந்தாகவே இருந்தாலும், கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது என்பது மத்திய அரசின் மருந்து விதி.

அப்படி என்றால் டாக்டர் கம்பெனி பெயர் எழுதாமல் மருந்தின் பெயரை எழுதினால் தீர்ந்தது இல்லையா? அதற்கும் ஒரு உத்தரவு வந்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டு முதல் வாரம் விதி போட்டது. டாக்டர் சங்கங்கள் எதிர்த்தன. அதே மாதம் முடிவதற்குள் விதி நிறுத்தி வைக்கப்பட்டது. விதியின் ஆயுள் மூணே வாரம்! ஒரு அட்டை மாத்திரை தீருவதற்குள் அதன் கதை முடிந்துவிட்டது.

டாக்டர்கள் சொன்ன காரணத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. விலை குறைந்த மாத்திரை தரமாக இருக்குமா என்பதுதான் அவர்கள் கேள்வி. மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாசா மாசம் வெளியிடும் 'தரமில்லாத மருந்து' பட்டியலைப் பார்த்தால் பயம் நியாயம்தான். ஆனால் அந்தப் பட்டியலில் பேர் தெரியாத கம்பெனி மட்டுமா வருகிறது? பெரிய கம்பெனி பெயர் அச்சடித்த அட்டைகளும் வந்திருக்கின்றன. பெயருக்குக் கொடுக்கிற காசு தரத்துக்கு கியாரண்டி இல்லை.

கட்டுப்பாடு இருக்கு... ஆனா!

விலையைக் கவனிக்க டெல்லியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 1997ல் இருந்து இருக்கிறது. அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு உச்ச விலை வைப்பது அதன் வேலை. எப்படி வைக்கிறது தெரியுமா? முன்பெல்லாம் தயாரிப்புச் செலவைப் பார்த்தார்கள். 2013 உத்தரவுக்குப் பிறகு, சந்தையில் 1 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு உள்ள கம்பெனிகளின் விலைகளைக் கூட்டி சராசரி எடுக்கிறார்கள். அதோடு கடைக்காரர் லாபம் 16 சதவீதம். கம்பெனிகள் ஏற்கனவே ஏற்றி வைத்த விலையே வரம்பு ஆகிவிட்டது.

மொத்த விலைவாசியைக் காட்டி வருஷா வருஷம் ஏப்ரலில் ஏற்றிக்கொள்ளவும் வழி உண்டு. 2022ல் 10.76 சதவீதம், 2023ல் 12.12 சதவீதம். இரண்டு வருஷத்தில் 100 ரூபாய் மருந்து 124 ரூபாய்! 2024ல் ஏற்றம் இல்லை என்றே சொல்லலாம். 2025ல் 1.74 சதவீதம்.

பட்டியலில் இல்லாத மருந்து கதை இன்னும் மோசம். வருஷத்துக்கு 10 சதவீதம் வரை கம்பெனியே ஏற்றலாம், யாரையும் கேட்க வேண்டாம். அப்படி ஏற்றிக்கொண்டே போனால் 100 ரூபாய் அட்டை அஞ்சு வருஷத்தில் 161 ரூபாய். கூலி அந்த வேகத்தில் ஏறுகிறதா என்று கேட்காதீர்கள்.

ஒரு நல்ல செய்தி, 2025 செப்டம்பர் 22 முதல் மருந்துக்கான ஜி.எஸ்.டி. 12ல் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. கணக்குப் போட்டால் 1,500 ரூபாய் பில்லுக்கு 94 ரூபாய் மிச்சம். குறையத்தான் குறைந்தது, ஆனால் பெயரை மாற்றினால் மிச்சமாகும் பணத்துக்குப் பக்கத்தில் இது ஒரு டீச் செலவு.

இலவசம் இருக்கு... நேரம்?

இவ்வளவு புலம்புகிற நாம் ஒரு விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994ல் ஆரம்பித்தது. மொத்தமாக டெண்டர் விட்டு, கம்பெனி பெயர் பார்க்காமல் மருந்தின் பெயரில் வாங்கி, ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியையும் லேப்பில் சோதித்து அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. ராஜஸ்தான்காரர்கள் 2011ல் இதைப் பார்த்துத்தான் தங்கள் ஊரில் ஆரம்பித்தார்கள். பிரஷர், சுகர், கொழுப்பு மாத்திரை எல்லாம் அங்கே காசு இல்லாமல் கிடைக்கும்.

பிறகு ஏன் ஜனங்கள் கத்தரி கடைக்குப் போகிறார்கள்? காலையில் ஓ.பி. சீட்டு, அப்புறம் டாக்டர் வரிசை, அப்புறம் மாத்திரை வரிசை. வெளியே வரும்போது மதியம் ஆகிவிடும். சித்தாள் வேலைக்கோ மூட்டை தூக்கவோ போகிறவருக்கு அன்றைய கூலி போச்சு. 700 ரூபாய் கூலியை விட்டுவிட்டு 500 ரூபாய் மாத்திரையை இலவசமாக வாங்குவது எந்த ஊர் லாபம்?

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இந்த இடத்தைத்தான் தொட்டது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வந்தது. தைராய்டு, ஆஸ்துமாவுக்கு அந்த வசதி இல்லை. விலை குறைந்த கடைகளும் வந்தன. மத்திய அரசின் மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரி 24ந் தேதி ஒரே நாளில் திறந்த 1,000 முதல்வர் மருந்தகங்கள். அங்கே போகும்போது கம்பெனி பெயர் மட்டும் எழுதிய சீட்டு இருந்தால் சிக்கல். டாக்டரிடமே "மருந்துப் பேரையும் எழுதிக் குடுங்க சார்" என்று கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. கேட்பதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் வலிப்பு, தைராய்டு, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளை மட்டும் டாக்டரைக் கேட்காமல் கம்பெனி மாற்ற வேண்டாம்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று. 2023 ஜூனில் நகரங்களில் 500 நலவாழ்வு மையங்கள் திறந்தார்கள். காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை என்று நேரம் வைத்தார்கள். அதாவது, வேலை முடிந்து வரும் வழியில் போகலாம், கூலி போகாது. உங்கள் வார்டு மையம் எந்தத் தெருவில் இருக்கிறது, இப்போது எத்தனை மணி வரை திறந்திருக்கிறது என்று ஒருமுறை விசாரித்து வையுங்கள். போகும்போது பழைய சீட்டோடு காலி அட்டைகளையும் கையில் எடுத்துப் போனால், எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று அங்கே உள்ளவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும்.