வினையென்று வாளாவிருத்தல் சைவமாமோ?

சென்ற திங்கள் திண்டுக்கல்லில் அன்பர் ஒருவர் இல்லத்து நிகழ்ந்த பெரியபுராண வாசிப்பின் முடிவில், 2025 சூலைத் திங்களில் பாளையங்கோட்டையில் தெருவிடத்தே வெட்டுண்டிறந்த மென்பொருட் பொறியாளனாகிய இளைஞனைப் பற்றிப் பேச்செழுந்தது. இருந்தோருட் பலர் கண்கலங்கினர். அப்பொழுது, மெய்கண்ட சாத்திரம் பதினான்கும் ஓதியவரும் என்னினும் மூத்தவருமாகிய பெரியார் ஒருவர், "கலங்குவது அறியாமை, அவன் கொண்டுவந்த வினை அவனை உண்டது, சித்தாந்தி இதற்கு அழலாகாது" என்று தீர்ப்புரைத்தெழுந்தார். அவையோரும் பெரியதொரு தத்துவங் கேட்டாற்போல அடங்கிவிட்டனர். அவர்பால் யான் வைத்த மதிப்புச் சிறிதன்று. ஆயினும் அவர் கூறியது சித்தாந்தமன்று என்பதை எழுதாதொழிவேனாயின் கற்ற கல்வி என்னை நகும்.

மறுக்கப் புகுமுன் என் குற்றம் ஒன்றைக் கூறிவிடல் வேண்டும். எங்கள் ஊரினின்று ஒட்டன்சத்திரம், பழனி, மடத்துக்குளம் கடந்து மேற்கே செல்லுஞ் சாலையில் உடுமலைப்பேட்டை உள்ளது. அவ்வூர்ப் பேருந்து நிலையத்தருகே, 2016 மார்ச்சு 13 ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், மக்கள் நெருங்கிய கடைவீதியில், குமரலிங்கத்தைச் சேர்ந்த சங்கர் என்னும் பொறியியல் மாணவனையும் அவன் மனைவி கௌசல்யாவையும் இருசக்கர வண்டியில் வந்தோர் அரிவாளால் வெட்டினர். 22 வயதினனாகிய அவன் இறந்தான். தலையிற் காயமுற்ற அவள் பிழைத்தாள். அவன் தாழ்த்தப்பட்ட வகுப்பினன். அவள் பழனியைச் சேர்ந்த வேறு வகுப்பினள். பழனித் திருக்கோயிலில் மணந்து எட்டுத் திங்களே ஆகியிருந்தன. கண்காணிப்புப் படக்கருவியிற் பதிந்த அக்காட்சியை என் இளைய மகன் கைப்பேசியிற் காட்டினான். "ஐயோ" என்றேனில்லை. "எந்தக் குலத்தார்?" என்று வினவினேன். அவன் ஒன்றும் பேசாது என்னை நிமிர்ந்து நோக்கினான். அந்நோக்கினை இன்றும் மறந்திலேன். வெட்டினார் கையில் அரிவாளை எடுத்துக் கொடுத்ததும் அவ்வினாவே அன்றோ? ஆதலின் பெரியாரை மறுக்கும் இக்கட்டுரை முதற்கண் என்னை மறுப்பதாகும்.

இனி அவர் கூற்றை ஆராய்வாம். வினையுண்டென்பது நம் சமயத்தின் துணிபே; அதில் ஐயமில்லை. ஆயின் வினை சடம், தானே சென்று தன் பயனை ஊட்டமாட்டாது, ஊட்டுவோன் இறைவன். அவ்விறைவன் தன் தொழிலை அரிவாளேந்தினார்க்கு எந்த ஆகமத்தில் எழுதிக் கொடுத்தான்? இறந்தவன் நுகர்ந்தது பிராரத்தமென்றே வைத்துக்கொள்க. கொன்றவன் ஈட்டியது ஆகாமியம். கண்டும் அசையாது நின்றவன் ஈட்டியதும் ஆகாமியமே. அசையாமைக்குச் சாத்திரத்தினின்று நியாயங் கற்பித்த பண்டிதன் ஈட்டியது யாதென்பதைப் பெரியாரே கூறக் கடவர். அன்றியும், பிறனொருவன் சஞ்சிதம் இத்துணைத்தென்று காட்சியானாதல் கருதலானாதல் அளந்தறிந்தார் யாவர்? அறியப்படாத ஒன்றை ஏதுவாகக் காட்டி, எல்லாருங் கண்ட கொலையொன்றை மூடுதல் எந்த அளவைக்கு அடங்கும்?

எங்கள் ஊர் பூட்டுக்குப் பேர்போனது. பொருள் களவுபோதலும் வினைப்பயனே என்று துணிந்து, கதவைத் திறந்திட்டு உறங்குஞ் சித்தாந்தி ஒருவரையும் இத்தனை ஆண்டில் இங்குக் கண்டிலேன். பெரியார் வீட்டுக் கதவிலும் நல்ல கனத்ததொரு மாங்காய்ப் பூட்டே தொங்குகின்றது. தம் வெண்கலப் பாத்திரத்துக்கு வேண்டாத வினைக்கொள்கை அயலான் மகன் உயிர்க்கு மட்டும் வேண்டுவதாயிற்று! மடத்தில் எனக்குப் பாடஞ் சொன்ன ஆசிரியர் இப்பகுதி வருந்தோறும், தனக்குத் துன்பம் வந்துழி ஆறுதற்பொருட்டு வினையை நினைக, பிறனுக்கு வந்துழி நினையற்க என்று சொல்லி, சிறிது நேரம் வாய்மூடியிருந்து பின்னரே அடுத்த செய்யுட்குச் செல்வார். அன்று அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

திருஞானசம்பந்தர் கொங்குநாட்டிற் செய்ததைப் பெரியார் அறியாதவரல்லர். கொடிமாடச் செங்குன்றூரில், இன்றைத் திருச்செங்கோட்டில், உடன்வந்த அடியார்களைப் பனிக்காலத்துக் குளிர்சுரம் பற்றியது. அஃது அந்நாட்டியல்பு என்பதைப் பிள்ளையாரும் அறிவார். அறிந்தும் அதனோடு அமைந்தாரல்லர். அங்கெழுந்ததே திருநீலகண்டப் பதிகம். முன்னை வினைக்கு இது பயனென்று பேசவறிந்திருந்தும், உய்யும் வழியை நாடாதிருத்தல் குறைபாடென்று இடித்துரைத்தே அப்பதிகத்தைத் தொடங்குகின்றார். பெரியார் உரைத்த வாசகத்துக்கு மறுப்பு வேறு யான் எழுதவேண்டுவதென்னை? "பிள்ளையார் காட்டிய வழி இறைவன் திருவடியைப் பற்றுதல், ஊரார் வழக்கிற் புகுதலன்று" எனின், நன்று, ஆயின் சுரம் பிள்ளையாரைப் பற்றவில்லை, பிறரைப் பற்றியது. பிறர் நோய்க்கு அவர் நெஞ்சு பதைத்ததனாலன்றோ பதிகம் பிறந்தது? அந்நாட்டினின்றும் அச்சுரம் நீங்கியதென்றே சேக்கிழாரும் பாடினார்.

அத்தலத்திலேயே 2015 சூன் 23 அன்று, உடன்பயின்ற பெண்ணொருத்தியோடு பேசியிருந்த கோகுல்ராஜ் என்னும் இளைஞன் கடத்தப்பட்டு, மறுநாள் இருப்புப்பாதையிற் பிணமாகக் கிடந்தான். 2022இல் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பதின்மர்க்கு வாழ்நாட்சிறை விதித்தது. ஒருபாகம் பெண்ணாக இறைவன் நிற்கும் மலையது. அங்கு ஓராணும் ஒருபெண்ணும் உரையாடியது பொறாதார் எத்தெய்வத்தை வணங்கினரோ அறியேன். ஆதிசைவராகிய ஆரூரர் பரவையாரையும் பின்னர்ச் சங்கிலியாரையும் மணந்தபோது குலம் வினவிப் படையெடுத்தார் ஒருவருமிலர். இடைநின்று மணம் முடித்தவன் இறைவன். இதனை ஆண்டுதோறும் பொருள்விரித்துப் பேசி மாலை ஏற்கும் நாம், பேருந்து நிலையத்துக்கு வந்தவுடன் மறந்துவிடுகின்றோம்.

கலங்குதல் அறியாமை என்றதும் பொருந்தாது. திருவாரூர்த் தெருவில் தேர்க்காலிற் கன்று இறந்தது. தாய்ப்பசு மணியடித்தது. கேட்ட மன்னன் முதலிற் செய்தது ஆராய்ச்சியன்று. அப்பசுவினும் மிக நொந்து மயங்கினான். அமைச்சர் கழுவாய் கூறினர். எனினும் "கன்று கொண்டுவந்த வினை அது" என்று கூற அவர்க்கும் நாவெழவில்லை. சேக்கிழார் இவ்வரலாற்றை நூலின் தொடக்கத்தே வைத்தார். கண்ணீர் இல்லாதவன் மேற்படித்து என்ன பயன் என்று அவர் எண்ணினார் போலும்.

இங்கு வேறொரு தடை எழும். "மெய்ப்பொருணாயனார் தம்மைக் குத்திய முத்தநாதனைக் காத்து விடுத்தாரே, நீவிர் சினத்தல் தகுமோ?" என்பர். நாயனார் பொறுத்தது தம்மேற் பட்ட புண்ணை. பிறன்மேற் பட்ட புண்ணைப் பொறுக்கும் உரிமை நமக்கு யார் தந்தார்? ஆயினும் இத்தடை என்னைச் சிறிது சுட்டதுண்டு. 2017 திசம்பர் 12 அன்று திருப்பூர் நீதிமன்றம் உடுமலை வழக்கில் அறுவர்க்குத் தூக்கு விதித்தது கேட்டு என் நெஞ்சு துள்ளியது. அன்று மாலை அபிராமியம்மன் சந்நிதியில் நின்றபோதும் அத்துள்ளல் அடங்கவில்லை. வாளோங்கி, பின் தன் தலைவன் சொற்கேட்டு அவ்வாளைத் தடுத்துக்கொண்ட தத்தன் நினைவுக்கு வந்தான். அவன் சினம் பொய்யன்று; அவன் அழுகையும் பொய்யன்று; இரண்டையுஞ் சுமந்துகொண்டே பகைவனை ஊரெல்லை கடத்தினான். எனக்கோ சினமிருந்த அளவுக்கு அழுகை இருந்ததில்லை. 2020 சூன் 22இல் சென்னை உயர்நீதிமன்றம் அவருள் ஒருவரை விடுவித்து, ஐவர் தூக்கினை வாழ்நாட்சிறையாக மாற்றியது. தண்டத்தின் அளவு நீதியரசர் பொறுப்பு, அதிற் புகேன். அவ்விரு நாளிலும், குமரலிங்கத்தில் மகனையிழந்த அவ்வீட்டை யான் ஒருகாலும் நினைந்திலேன் என்பதே என் நாணம்.

வரும் வாசிப்பில் திருஞானசம்பந்தர் கொங்குநாட்டில் எழுந்தருளிய பகுதி வருகின்றது. பொருள் கூறும் முறை பெரியாருடையது. குளிர்சுரச் செய்யுட்களுக்கு அவர் அன்று கூறிய கொள்கைப்படியே உரை கூறட்டும், கேட்கக் காத்திருக்கின்றேன். இதற்கு மறுப்பெழுதுவாராயின் இவ்விதழிலேயே எழுதுக. ஆனால் எழுதுமுன் பழனி வழியே ஒருநாள் குமரலிங்கம் சென்று, அமராவதிக் கரையிலுள்ள அவ்வீட்டு வாயிலில் நின்று, இறந்தவன் தந்தை முகத்தை நோக்கி "நும் மகனை அவன் வினை உண்டது" என்று ஒருமுறை சொல்லிவிட்டு வருக. வண்டிச்செலவு யான் தருவேன்.