எலும்பு கட்டுவோரைச் சட்டம் எங்கே வைக்கிறது?

ஜவ்வாது மலையில் புளி உலுக்க மரமேறித் தவறி விழுந்து கை ஒடிந்தவர்களில் பலர், முதலில் நாடுவது கட்டுப் போடும் வைத்தியரைத்தான். மலையடிவார ஊர்களிலோ 'புத்தூர் கட்டு' என்ற பலகை இல்லாத கடைவீதி அரிது. ஆந்திரப் பிரதேசத்துப் புத்தூரில் ஒரு குடும்பம் வழிவழியாகச் செய்துவந்த மூங்கில் தப்பை வைத்தியத்தின் பெயர், இன்று யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளும் பெயராகிவிட்டது.

இதை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. 2023 மே மாதம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தை, சரியான சாலை இல்லாததால் மருத்துவமனை சேருமுன் இறந்தது. உடலைத் தாயே சுமந்து நடந்தார். பாதை அப்படியிருக்க, ஒடிந்த காலோடு எவரும் அருகில் இருப்பவரிடமே போவார்.

ஆனால் ஆபத்தும் மெய்யானது. வீக்கம் ஏறும் நேரத்தில் இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைபடும். விரல்கள் குளிர்ந்து, மரத்து, கறுக்கத் தொடங்கிய பின் வருபவருக்கு அறுவை மருத்துவரால் செய்யக்கூடியது சில வேளைகளில் கையை எடுப்பது மட்டுமே. சிறுவர்களின் முழங்கை முறிவில் இந்த ஆபத்து மிகுதி.

சட்டம் என்ன சொல்கிறது? 1970-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மத்தியக் குழுச் சட்டம், நடைமுறைக்கு வந்தபோது, பதிவேடு இல்லாத மாநிலங்களில் ஐந்தாண்டு அனுபவம் உள்ளவர்களுக்கு விலக்கு அளித்தது. அந்தச் சலுகை பின்வந்தவர்களுக்கு நீளாது என்பதைக் கேரளப் பாரம்பரிய வைத்தியர்களின் வழக்கில் 2018-இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. வர்மமும் புற மருத்துவமும் சித்த மருத்துவப் பட்டப் படிப்பில் உள்ளன. பட்டம் பெற்றவர் பதிவு பெறுகிறார். தந்தையிடம் கற்றவர் சட்டத்தின் கண்ணில் போலி மருத்துவர்.

பிரிட்டனும் இந்தச் சிக்கலில் நெடுங்காலம் தடுமாறியது. மருத்துவப் பட்டமே இல்லாத எலும்பு கட்டுநர் ஹெர்பர்ட் பார்க்கருக்கு 1922-இல் 'சர்' பட்டம் கிடைத்தது. அவருடைய நோயாளிகளுக்கு மயக்க மருந்து கொடுத்த மருத்துவரின் பெயரோ 1911-லேயே பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டிருந்தது! கையால் மூட்டையும் தசையையும் சீர்செய்யும் ஆஸ்டியோபதிக்கு அங்கீகாரம் கோரிய மசோதா 1935-இல் பிரபுக்கள் சபைக் குழுவின் முன் தோற்றது. 1993-இல்தான் சட்டம் வந்தது. பதிவு இல்லாமல் அங்கு எவரும் தம்மை ஆஸ்டியோபத் என்று அழைத்துக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் அதே துறையினர் முழு மருத்துவர்கள். ஆக, ஒரு கலையின் தகுதியை அதன் பெயர் தீர்மானிப்பதில்லை. பயிற்சியும் பொறுப்பும் தீர்மானிக்கின்றன.

இந்தியாவில் முயற்சியே இல்லை என்பதற்கில்லை. இந்தியத் தர மன்றத்தின் தன்னார்வச் சான்றிதழ்த் திட்டம், எலும்பு கட்டுவோர் உள்ளிட்ட சமூக வைத்தியர்களின் திறனைச் சோதித்துச் சான்றளிக்கிறது. ஆனால் அச்சான்று தொழில் செய்யும் உரிமையைத் தராது. தேர்வில் வென்றவரும் வெளியே வந்ததும் சட்டத்துக்குப் புறம்பானவரே. இது விந்தையான ஏற்பாடு.

முழு மருத்துவர் தகுதியை இவர்களுக்குத் தர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை; தரவும் கூடாது. எல்லை வகுத்த பதிவு போதும். தோல் கிழிந்த முறிவு, முதுகெலும்பு, இடுப்பு, குழந்தையின் முழங்கை ஆகியவற்றைத் தொடவே கூடாது. மற்றவற்றில் எக்ஸ்ரே பார்த்த பிறகே கட்டு. மறுநாள் விரல்களின் நிறமும் உணர்வும் பார்த்தாக வேண்டும். மீறினால் பதிவு நீக்கம். இதற்கு ஈடாக, அவர் அனுப்பும் நோயாளியை ஜமுனாமரத்தூரிலோ திருப்பத்தூரிலோ அரசு மருத்துவமனை ஏசாமல் ஏற்க வேண்டும். ஏச்சுக்கு அஞ்சித்தான் பலர் கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டு, யார் போட்டது என்பதையும் மறைத்துவிட்டு, காலந்தாழ்ந்து வருகிறார்கள்.

தமிழ்நாட்டில் சித்த மருத்துவர்களைப் பதிவு செய்ய 1997-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. எலும்பு கட்டுவோருக்கென அதில் ஒரு தனிப் பிரிவைச் சேர்க்க முடியுமா, மத்தியச் சட்டம் அதற்கு எவ்வளவு இடம் விடுகிறது என்பதை மாநில அரசு ஆராய்ந்து அறிவிக்கலாம். அதுவரை, கட்டினால் ஏற்பட்ட பாதிப்புகளை அரசு மருத்துவமனைகள் தனியாகப் பதிவு செய்யத் தொடங்குவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.