ஃப்ரீசரைக் கொன்ற கதை

வீட்டில் இருக்கிற மெஷின்களிலேயே ரொம்ப அப்பாவி எது என்று கேட்டால் பெட்டி ஃப்ரீசரைத்தான் சொல்வேன். மிக்ஸி கத்தும், கிரைண்டர் ஆடும். ஃப்ரீசர் மட்டும் ஒரு மூலையில் முனகிக்கொண்டே கிடக்கும். அதனாலேயே அதை யாரும் கண்டுகொள்வதில்லை. நானும் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் கொலையே செய்துவிட்டேன்.

அம்மா வீட்டிலேயே பால் ஐஸும் சேமியா ஐஸும் போட்டுத் தெருப் பிள்ளைகளுக்கு விற்பார். ஒரு பழைய பெட்டி ஃப்ரீசர்தான் மூலதனம். என் செமஸ்டர் ஃபீஸில் பாதி அதிலிருந்துதான் வந்தது. ஒரு ஏப்ரல் மாதம், உள்சுவரில் ஐஸ் நாலு விரல் கனத்துக்குக் கட்டிப்போய்ச் சரக்கு வைக்க இடமில்லை. "ஸ்கூல் லீவு விடப் போறாங்க, கொஞ்சம் சுத்தம் பண்ணிக் குடுடா" என்றார் அம்மா. நான் எடுத்தது ஸ்க்ரூடிரைவரும் சுத்தியலும். நாலாவது அடியில் "உஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், கதை முடிந்தது.

"தம்பி, இதுல கூலிங் குழாய் உள்சுவருக்குப் பின்னாடியே ஒட்டிக்கிட்டு ஓடுது. நீங்க குத்துனது ஐஸை இல்ல, குழாயை" என்றார் மெக்கானிக். ஓட்டையை அடைத்து கேஸ் ஏற்றிப் பார்த்தார். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. புதுக் குழாய் போட ஆகும் செலவு, பெட்டியின் விலையைவிட அதிகம். அந்த வருஷக் கோடை வியாபாரம் போயே போச்சு.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. இப்போது வரும் பல பெட்டிகளில் இருப்பது ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். சமையல் கேஸுக்குச் சொந்தக்காரன், தீப்பிடிக்கும். அந்த "உஸ்" கேட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். சுவிட்சையும் தொடாதீர்கள், தீக்குச்சியையும் தொடாதீர்கள்.

தப்பு எங்கே ஆரம்பித்தது? "ஐஸ் நல்லா கட்டுதுன்னா ஃப்ரீசர் நல்லா ஓடுதுன்னு அர்த்தம்" என்ற நம்பிக்கையில்தான். உண்மை நேர் எதிர். மூடியைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே போகும் ஈரக் காற்றுதான் சுவரில் உறைகிறது. அது குளிருக்குக் குறுக்கே போர்த்திய கம்பளி மாதிரி. கம்பளி கனக்கக் கனக்க, உள்ளே -18 டிகிரியைப் பிடிக்க கம்ப்ரசர் கூடுதல் நேரம் ஓடும். கரண்ட் பில் ஏறும்.

ஐஸ் கால் அங்குலம் சேரும்போதே கரைத்துவிட்டால் அரை நாள் வேலைதான். பிளக்கைப் பிடுங்குங்கள். சரக்கைத் தெர்மாகோல் பெட்டிக்கு மாற்றுங்கள். மூடியைத் திறந்து வைத்து, உள்ளே ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வையுங்கள். அடியில் தண்ணீர் வெளியேற ஒரு அடைப்பான் இருக்கும், அதைக் கழற்றிவிடுங்கள். தானாகக் கழன்று வரும் ஐஸைக் கையாலோ மரக் கரண்டியாலோ எடுங்கள். சமையல் சோடா கலந்த தண்ணீரில் துடைத்தால் வாடை போகும். கடைசியில் ஈரமே இல்லாமல் துடைப்பதுதான் முக்கியம். மிச்சம் விட்ட ஈரம் மறுநாளே ஐஸ்.

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் நாமே பார்க்க வேண்டியதும் உண்டு. ஓடவே இல்லையா? அதே பிளக்கில் மிக்ஸியைப் போட்டுப் பாருங்கள். நிற்காமல் ஓடுகிறதா? மூடி ரப்பரில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. பின்பக்கக் குழாயில் தூசி இருக்கிறதா, சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறோமா என்றும் பாருங்கள். வெளிப்பக்கம் சூடாக இருப்பது பல பெட்டிகளில் சகஜம், அந்தச் சூடு போக இடம் வேண்டும். "டிக் டிக்" என்று அடித்துவிட்டு நிற்கிறதா? லோ வோல்டேஜாக இருக்கலாம், ரிலே போயிருக்கலாம். கரண்ட் போய் வந்தால் ஐந்து நிமிஷம் கழித்துப் போடுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் குளிரவில்லை என்றால் கேஸ் பிரச்சினையாக இருக்கலாம். அது மெக்கானிக் வேலை.

கரண்ட் இல்லாதபோது மூடியைத் திறக்காமல் இருந்தால், நிறைந்த பெட்டி ஏறக்குறைய 48 மணி நேரம் தாங்கும். பாதி நிறைந்தது 24 மணி நேரம். ஊருக்குப் போகும் முன் ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு காசை வையுங்கள். திரும்பி வரும்போது காசு அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாத நேரத்தில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்தச் சரக்கைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இவ்வளவு சுலபமான வேலையை ஏன் தள்ளிப்போடுகிறோம்? காமர்ஸ் படிப்பவனாக எனக்குத் தோன்றுவது இதுதான். ஃப்ரீசர் வாங்கினால் முதலினச் செலவு, ரிப்பேர் செய்தால் வருவாயினச் செலவு என்று எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் அதைத் துடைக்க அம்மா செலவழிக்கும் அரை நாளுக்கு எந்தப் பேரேட்டிலும் இடமில்லை. காசு கொடுக்காத வேலை என்பதால் அது கண்ணுக்கே தெரிவதில்லை. "அம்மா பாத்துப்பாங்க" என்று விட்டுவிட்டு, முற்றிய பிறகு சுத்தியலோடு போய் நிற்கிறோம். தேய்மானத்துக்கு நேர்க்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று இரண்டு படித்தேன். ஸ்க்ரூடிரைவர் முறை எங்கள் சிலபஸில் இல்லை :)

அடுத்த வருஷம் இன்னொரு பழைய பெட்டி வாங்கினோம். ஐஸ் கரைப்பது இப்போது என் வேலை. அம்மா அன்றைக்கும் திட்டவில்லை, இன்றைக்கும் திட்டுவதில்லை. ஆனால் அந்த ஸ்க்ரூடிரைவரை எங்கே வைத்திருக்கிறார் என்று மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.